பதக்கத்தில் யாருடைய முகம்?

ஹங்கேரியப் படைப் பதக்கங்களைச் சேர்க்கிறேன் என்று சொன்னதும் கேட்பவர்கள் வீரப் பதக்கங்களைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். எதிரியின் பதுங்குகுழிக்குள் தனியாளாகக் குதித்தவன், அடிபட்ட அதிகாரியைத் தோளில் தூக்கி வந்தவன், அவர்கள் நெஞ்சில் தொங்கிய தங்கமும் வெள்ளியும். அப்படிப்பட்டவை என் பெட்டியில் அதிகம் இல்லை. விலை ஒரு பக்கம் இருக்கட்டும், என் மனம் போனதே வேறு வகைக்கு. நான் தேடுவதெல்லாம் நினைவுப் பதக்கங்கள். ஒரு போரிலோ ஒரு படையெடுப்பிலோ கலந்துகொண்ட எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்தவை. ஏராளமாக அடித்துக் குவித்தவை. பெரும்பாலானவற்றில் வாங்கியவன் பெயர்கூட இருக்காது. சந்தையில் ஒரு தட்டு நிறையக் கொட்டி வைத்திருப்பார்கள். பெரிய சேகரிப்பாளர்கள் அந்தத் தட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

எனக்கு அந்தத் தட்டுதான் வேண்டும். வீரப் பதக்கம் அதை வாங்கியவனைப் பற்றிப் பேசும். நினைவுப் பதக்கம் அதைக் கொடுத்த அரசைப் பற்றிப் பேசும். ஒரே நூற்றாண்டில் ஹங்கேரி பார்த்த அரசுகளை எண்ணிப் பாருங்கள். ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் குலத்து முடியாட்சி, 1918இல் ஒரு குடியரசு, 1919இல் சில மாதங்களே நீடித்த சோவியத் குடியரசு, அதன்பின் அரசர் இல்லாத முடியாட்சியாக அரசப் பிரதிநிதி ஹோர்த்தியின் கால் நூற்றாண்டு, 1944 அக்டோபரில் நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சியின் கொடுங்கோல், 1946இல் மறுபடி குடியரசு, 1949இல் மக்கள் குடியரசு, 1989இல் இன்னொரு குடியரசு. எந்தப் போரை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பேசாமல் விட வேண்டும் என்று ஆண்டவர்கள் முடிவு செய்தார்கள். அந்த முடிவு உலோகத்தில் பதிந்து சிப்பாய்களின் சட்டையில் ஏறியது. அதனால் ஒரு பதக்கம் கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது, அதில் யாருடைய முகம் இருக்கிறது என்பதைத்தான்.

என்னிடம் இருப்பதில் மிகப் பழையது 1873ஆம் ஆண்டுப் போர்ப் பதக்கம். பேரரசர் பிரான்ஸ் ஜோசப் அரியணை ஏறி 25 ஆண்டு நிறைந்ததற்காக 1873 டிசம்பர் 2ஆம் தேதி ஏற்படுத்தியது. பின்பக்கத்தில் அந்தத் தேதியே பொறித்திருக்கும், முன்பக்கத்தில் பேரரசரின் முகம். கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கிய வெண்கலத்தில் செய்தது என்பதால் கையில் எடுத்தால் நல்ல கனம். 1848 முதல் அந்த ஆண்டு வரை பேரரசின் படையில் நின்று போர் கண்ட எல்லோருக்கும் இது உரியது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1848–49இல் ஹங்கேரி ஹாப்ஸ்பர்க்குகளை எதிர்த்து விடுதலைப் போர் நடத்தியது. தோற்றது. 1849 அக்டோபர் 6ஆம் தேதி அராத் நகரில் அதன் தளபதிகள் 13 பேருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தப் போரை ஒடுக்கிய பேரரசின் சிப்பாய்க்கும் இந்தப் பதக்கம் உண்டு. 1866இல் அதே பேரரசுக்காகப் பிரஷ்யாவோடு சண்டையிடப் போன ஹங்கேரிய விவசாயி மகனுக்கும் இதே பதக்கம்தான். 1849இல் மறுபக்கம் நின்று தோற்றவருக்கு எதுவும் கிடையாது. ஒரே ஊரில், ஏன், ஒரே வீட்டில்கூட இந்தப் பதக்கத்தைப் பெருமையாக அணிந்த மகனும், அதைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட தகப்பனும் இருந்திருக்கக் கூடும். ஹங்கேரிக்குத் தனி அரசு தந்த 1867 உடன்பாட்டுக்குப் பிறகு அதே பிரான்ஸ் ஜோசப் புடாவில் ஹங்கேரியின் அரசராக முடிசூடினார். நாடு அவரை ஏற்றுக்கொண்டது. அராத்தை மறக்கவில்லை.

பிரான்ஸ் ஜோசப் 1916 நவம்பர் 21ஆம் தேதி இறந்தார். அவருக்குப் பின் வந்த கார்ல், ஹங்கேரியர்களுக்கு நான்காம் காரோய், டிசம்பர் 30ஆம் தேதி புடாவில் முடிசூடினார். இவ்விரண்டு தேதிகளுக்கும் நடுவில், டிசம்பர் 13ஆம் தேதி, ஒரு சிலுவைப் பதக்கத்தை ஏற்படுத்தினார். ஹங்கேரியில் இதைக் காரோய் படைச் சிலுவை என்பார்கள். தலையில் மகுடம் ஏறுவதற்கு முன்பே அகழியில் கிடக்கும் சிப்பாயின் நெஞ்சில் தன் பெயரைக் குத்த வேண்டும் என்று புது அரசருக்குத் தோன்றியிருக்கிறது. நிபந்தனை எளிது. போரிடும் படைப்பிரிவில் குறைந்தது 12 வாரம் இருந்திருக்க வேண்டும், ஒரு சண்டையிலாவது கலந்திருக்க வேண்டும். அதிகாரிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே சிலுவை, ஒரே நாடா. 6 லட்சத்துக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள்.

என்னிடம் உள்ள ஒன்றை இப்போது மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். துத்தநாகம். மங்கிய சாம்பல் நிறம். 1873ஆம் ஆண்டுப் பதக்கத்தை ஒரு கையிலும் இதை ஒரு கையிலும் வைத்துப் பார்த்தால் இதில் எடையே இல்லை. கைகள் விரிந்த சிலுவை, அதன் பின்னால் வாகை இலை வளையம். முன்பக்கம் லத்தீனில் ‘க்ராத்தி ப்ரின்செப்ஸ் எத் பாத்ரியா, கரோலுஸ் இம்ப். எத் ரெக்ஸ்’. அரசரும் தாய்நாடும் நன்றியுடன், பேரரசரும் அரசருமான கார்ல். பின்பக்கம் மேலே ஆஸ்திரிய மகுடமும் ஹங்கேரிய மகுடமும், கீழே கார்லின் முதலெழுத்தான ஒரு ‘சி’. அதற்கும் கீழே ரோமன் எண்களில் 1916. தொள்ளாயிரத்தைச் சுருக்கி எழுதாமல் நான்கு சி போட்டு நீட்டி எழுதியிருக்கிறார்கள். என்னுடையதில் வாகை இலைகள் தேய்ந்து வழவழவென்று இருக்கின்றன. யாரோ பல வருடம் அணிந்திருக்கிறார். ஊசி உரசிய தடம் மேல் வளையத்தில் தெரிகிறது.

இந்தச் சிலுவையின் அமைப்பு புதியதன்று. நெப்போலியனோடு நடந்த போருக்காக 1814இல் கொடுத்த பீரங்கிச் சிலுவையை ஒட்டியே இதைச் செய்தார்கள். ‘க்ராத்தி ப்ரின்செப்ஸ் எத் பாத்ரியா’ என்ற வாசகமும் அங்கிருந்து வந்ததே. அந்தப் பழைய சிலுவை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த பீரங்கிகளின் வெண்கலம். 1916இல் நிலைமை தலைகீழ். செம்பு முழுக்கக் குண்டுகளுக்குப் போனது. பேரரசு முழுவதும் தேவாலய மணிகளை இறக்கி உருக்கினார்கள். பதக்கத்துக்கு மிஞ்சியது துத்தநாகம். அந்த ஆண்டு பேரரசு எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கு நான் எந்தப் புத்தகத்தையும் காட்டுவதில்லை. இந்தச் சிலுவையைக் கையில் கொடுத்து எடையைப் பார்க்கச் சொல்வேன்.

பின்பக்கத்தில் இன்னொரு வாசகமும் உண்டு: ‘வீத்தாம் எத் சாங்குவினெம்’. உயிரும் குருதியும். ஹங்கேரியப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த சொல் இது. 1741 செப்டம்பர் 11ஆம் தேதி, பிரஷ்யாவும் பவேரியாவும் சூழ்ந்துகொண்ட நேரத்தில், இளம் அரசி மரியா தெரேசா போஜோனி நகரில், இன்றைய பிராட்டிஸ்லாவாவில், ஹங்கேரிய மன்றத்தின் முன் வந்து உதவி கேட்டார். பிரபுக்கள் உயிரும் குருதியும் அரசிக்கே என்று முழங்கினார்கள். அந்த முழக்கம் பிரபுக்களுடையது. 175 ஆண்டு கழித்து அதைத் துத்தநாகத்தில் அடித்து, மன்றத்தையே கண்ணால் பார்த்திராத உழவர் மக்களின் நெஞ்சில் தொங்கவிட்டார்கள். உயிரையும் குருதியையும் கொடுத்தவர்கள் இவர்கள்தான். முதல் உலகப் போரில் ஹங்கேரி இழந்தவர்கள் 5 லட்சத்துக்கும் மேல்.

காரோய் 1917 ஆகஸ்ட் 12ஆம் தேதி ஏற்படுத்திய காயப் பதக்கத்தில் அவர் முகமே இருக்கிறது, பின்பக்கம் ‘லயேசோ மிலித்தி’, அடிபட்ட வீரனுக்கு. இதில் படிக்க வேண்டியது நாடாவை. சாம்பல் பச்சை நிற நாடா, இரு ஓரமும் ரத்தச் சிவப்பு. நடுவே கறுப்பு விளிம்பிட்ட சிவப்புக் கோடுகள். ஒரு காயத்துக்கு ஒரு கோடு. இரண்டு முறை அடிபட்டவனுக்கு இரண்டு. ஐந்து வரைக்கும் உண்டு. கோடே இல்லாத நாடாவும் இருக்கிறது. அது குண்டு படாமல், போர்க்கள நோயாலோ விபத்தாலோ உடல் கெட்டுத் திரும்பியவனுக்கு. கோடில்லாததைச் சந்தையில் மலிவாகத் தள்ளிவிடுவார்கள். எனக்கு அதன்மேல் தனி மதிப்பு. காசநோயோடும் உறைந்துபோன கால்களோடும் ஊர் திரும்பியவனையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அன்று யாரோ யோசித்திருக்கிறார்கள் அல்லவா? அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பிறகு எல்லாம் சரிந்தது. 1918 நவம்பரில் காரோய் அரசுப் பொறுப்பிலிருந்து விலகினார். 1920 ஜூன் 4ஆம் தேதி திரியனோன் உடன்படிக்கை ஹங்கேரியின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் பிரித்து அண்டை நாடுகளுக்குக் கொடுத்தது. 1921இல் காரோய் இரண்டு முறை திரும்பி வந்து அரியணையைக் கேட்டார். ஒரு காலத்தில் அவருடைய கடற்படைத் தளபதியாக இருந்த ஹோர்த்தி மிக்லோஷ் கொடுக்கவில்லை. 1922 ஏப்ரல் 1ஆம் தேதி மதெய்ரா தீவில் காரோய் இறந்தார். ஹங்கேரி பெயருக்கு முடியாட்சியாகவே இருந்தது. அரியணை காலி. ஹோர்த்தி அரசப் பிரதிநிதி.

இந்த நிலையில் 1929 மே 26ஆம் தேதி வந்தது ஹங்கேரியப் போர் நினைவுப் பதக்கம். போர் முடிந்து பத்தாண்டுக்கும் மேல் கழித்து, தோற்ற போருக்கு, அந்தப் போரை நடத்திய பேரரசே இல்லாமல் போனபின் கொடுத்த பதக்கம். என் சேகரிப்பின் நடு மையம் இதுதான். இதில் முகம் கிடையாது. பிரான்ஸ் ஜோசப் இல்லை, காரோய் இல்லை, ஹோர்த்தியும் இல்லை. ஹங்கேரியச் சின்னமும், உச்சிச் சிலுவை ஒரு பக்கமாய்ச் சாய்ந்த புனித இஸ்த்வான் மகுடமும் இருக்கின்றன. போர்முனையில் இருந்தவர்களுக்கானதில் குறுக்கிட்ட வாள்களும் எஃகுத் தலைக்கவசமும் உண்டு. பின்னணியில் பணியாற்றியவர்களுக்கானதில் அவை இல்லை. 1914–1918 என்ற ஆண்டுகள். வாசகம் ‘ப்ரோ தேயோ எத் பாத்ரியா’, கடவுளுக்காகவும் தாய்நாட்டுக்காகவும்.

படைச் சிலுவையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1916இல் அரசரும் தாய்நாடும். 1929இல் கடவுளும் தாய்நாடும். அரசர் இருந்த இடத்தில் இப்போது கடவுள். யாரை எதிர்த்தும் ஒரு வார்த்தை இல்லை, அரசரை விரட்டியதாக அறிவிப்பு இல்லை. மகுடம் மட்டும் பத்திரமாக இருக்கிறது, அதை அணியும் தலையைக் காணவில்லை. ஹோர்த்தி கால அரசியல் முழுவதையும் இவ்வளவு சின்ன வட்டத்துக்குள் சொன்ன வேறு பொருளை நான் பார்த்ததில்லை.

இந்தப் பதக்கத்தை விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். பழைய கூட்டணி நாடுகளின் வீரர்களும் கேட்கலாம் என்பதால் ஜெர்மானிய முன்னாள் சிப்பாய்கள் நிறையப் பேர் வாங்கினார்கள். ஒருவர் வாங்கிய பதக்கங்களை வரிசையாகச் சேர்த்துக் கோத்ததைக் கோர்வை என்போம். ஜெர்மன் பதக்கக் கோர்வைகளில் கடைசியில் சிவப்பு, வெள்ளை, பச்சை தெரிந்தால் பெரும்பாலும் இதுதான். அதனால் இது எளிதில் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் கூடவே வழங்கிய சான்றிதழோடு கிடைப்பது அபூர்வம். எனக்கு வேண்டியது அந்தக் காகிதம்தான். என்னிடம் உள்ள ஒன்றில் பெயரும் படைப் பதவியும் பேனாவில் எழுதியவை. எழுதிய குமாஸ்தாவின் கையெழுத்து அவ்வளவு அழகு. நான்காக மடித்துச் சட்டைப்பையில் பல காலம் வைத்திருந்ததால் மடிப்பு வரிகள் கிழிந்து, பின்னால் யாரோ தபால் தலைகளின் ஓரத் தாளை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஒட்டு என்னை வெகுநேரம் பிடித்து நிறுத்தியது. பதக்கத்தை எத்தனையோ குடும்பங்கள் விற்றிருக்கும். இந்தக் காகிதம் கிழியக் கூடாது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்த்து ஒட்டியிருக்கிறார். பதக்கமும் காகிதமும் சேர்ந்திருந்தால் அது ஒரு மனிதரின் வாழ்க்கை. பிரித்துவிட்டால் இரண்டும் சரக்கு. பிரித்து விற்றால் லாபம் அதிகம் என்று வியாபாரிகள் பிரிக்கிறார்கள். இதில் மட்டும் எனக்குச் சமாதானமே கிடையாது. கோர்வையைப் பிரித்து விற்பவரிடம் நான் வாங்குவதில்லை.

காகிதத்தின் மதிப்பு அந்தக் காலத்தவர்களுக்கு இன்னும் கூர்மையாகத் தெரிந்திருந்தது. போர் வீரர்களைக் கௌரவிக்க 1920இல் ஹோர்த்தி தொடங்கிய விதேஸ் அணியில் சேர உயர்ந்த வீரப் பதக்கம் வேண்டும். சேர்ந்தவர்களில் பலருக்கு நிலம் கிடைத்தது. யூதர்களை அதில் சேர்க்கவில்லை, அதே அகழியில் அதே பதக்கம் வாங்கியிருந்தாலும். 1938 முதல் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, முதல் உலகப் போரின் தங்க வீரப் பதக்கம் வைத்திருந்த சிலருக்கு விலக்கு கிடைத்தது. நினைவுப் பதக்கம் மட்டும் வைத்திருந்த ஆயிரக்கணக்கானவர்களை அது கடைசிவரை காப்பாற்றவில்லை. அரசர் நன்றி சொன்ன அதே சிலுவை இருந்த வீட்டிலிருந்துதான் பிள்ளைகளைக் கட்டாய உழைப்புப் படைக்கு இழுத்துப் போனார்கள்.

இதற்கு அடுத்து வருபவைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தவை. ஹிட்லரின் ஜெர்மனியும் முசோலினியின் இத்தாலியும் நடுவர்களாக இருந்து வழங்கிய வியன்னாத் தீர்ப்புகளால் ஹங்கேரி இழந்த நிலத்தின் பகுதிகளைத் திரும்பப் பெற்றது. 1938 நவம்பர் 2ஆம் தேதித் தீர்ப்பில் செக்கோஸ்லோவாக்கியாவின் தெற்கு ஓரம். 1940 ஆகஸ்ட் 30ஆம் தேதித் தீர்ப்பில் ருமேனியாவிடமிருந்து வட டிரான்சில்வேனியா. 1941 ஏப்ரலில் யூகோஸ்லாவியாவின் வடக்குப் பகுதியைப் படையெடுத்தே எடுத்துக்கொண்டது. மூன்றுக்கும் தனித்தனி நினைவுப் பதக்கம். ஃபெல்விதேக், எர்தேய், தேல்விதேக் என்று ஹங்கேரியர்கள் அந்த நிலங்களை அழைக்கும் பெயர்களிலேயே.

இவற்றில் முகங்கள் திரும்பி வந்துவிட்டன. அதுவும் எப்படிப்பட்ட முகங்கள்! ஹங்கேரிக்கு வடக்கே இருந்த ஃபெல்விதேக்கின் பதக்கத்தில் இரண்டாம் ராகோட்ஸி ஃபெரென்ஸ். 1703 முதல் 1711 வரை ஹாப்ஸ்பர்க்குகளை எதிர்த்துப் போரிட்டு, துருக்கியில் நாடுகடந்து வாழ்ந்து 1735இல் இறந்தவர். அவர் எலும்புகளை 1906இல் கொண்டுவந்து, இன்று ஸ்லோவாக்கியாவில் உள்ள கஷ்ஷா நகரத்துப் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். 1938 நவம்பர் 11ஆம் தேதி ஹோர்த்தி வெள்ளைக் குதிரையில் நுழைந்தது அந்தக் கஷ்ஷாவில்தான். டிரான்சில்வேனியப் பதக்கத்தில் 1443இல் கோலோஷ்வாரில் பிறந்த அரசர் மாச்சாஷ். தெற்கே இருந்த தேல்விதேக்கின் பதக்கத்தில் அவருடைய தந்தை ஹுன்யதி யானோஷ், 1456இல் பெல்கிரேட் கோட்டையில் துருக்கியரைத் தடுத்தவர். அந்தந்த மண்ணோடு பிணைந்த முகமாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்திருக்கிறார்கள். இந்த நிலம் எங்களுடையது என்பதற்கு இறந்தவர்களைச் சாட்சிக்கு அழைத்தார்கள். உயிரோடிருந்த ஹோர்த்தியின் முகம் 1939இல் வந்த வீரப் பதக்கத்தில் இருக்கிறது. நிலத்துக்குச் சாட்சி சொல்ல மட்டும் அவர் முகம் போதவில்லை.

நடுத்தர வயது அதிகாரி ஒருவரின் கோர்வையை நினைத்துப் பாருங்கள். காரோய் படைச் சிலுவை, 1929, பிறகு ராகோட்ஸி, மாச்சாஷ். ஹாப்ஸ்பர்க் அரசரின் நன்றியும், ஹாப்ஸ்பர்க்குகளுக்கு எதிராக வாளெடுத்தவரின் முகமும் ஒரே நெஞ்சில். அணிந்தவருக்கு அது முரணாகத் தெரிந்திருக்காது. இரண்டும் அவருக்கு ஹங்கேரிதான்.

மாச்சாஷ் பதக்கத்தை ஒருமுறை அலுவலகத்துக்கு எடுத்துப் போயிருந்தேன், மாலையில் ஒரு பெரியவரிடம் நாடாவைக் காட்டுவதற்காக. என்னோடு வேலை பார்க்கும் தோழி க்ளூஜ் நகரத்தவள், ருமேனியப் பெண். கோலோஷ்வாரின் இன்றைய பெயர் அது. பதக்கத்தைப் பார்த்துவிட்டு, “இது எதுக்குக் கொடுத்ததுன்னு தெரியுமா உனக்கு?” என்றாள். தெரியும் என்றேன். “இப் தெரியுமா?” என்றாள். அப்போது அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டிருக்கவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள். 1940 செப்டம்பர் 9ஆம் தேதி த்ரஸ்னியா என்ற ஊரிலும், 13ஆம் தேதி இரவு இப் என்ற ஊரிலும் உள்ளே வந்த ஹங்கேரியப் படையினர் ருமேனியக் கிராமத்தார்களைக் கொன்றார்கள். இப்பில் மட்டும் 150 பேருக்கு மேல், குழந்தைகள் உட்பட. இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 15ஆம் தேதி, ஹோர்த்தி கோலோஷ்வாரில் பூமாரிக்கு நடுவே அணிவகுத்தார். அக்டோபர் 1ஆம் தேதி இந்தப் பதக்கம் ஏற்படுத்தப்பட்டது. அந்த நகரில் ஹங்கேரிய மொழி பேசி ஹங்கேரியர்களாகவே வாழ்ந்த யூதர்களை 1944இல் ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள்.

தெற்குப் பதக்கத்தின் பின்னாலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. 1940 டிசம்பரில் யூகோஸ்லாவியாவோடு நிரந்தர நட்பு என்று ஒப்பந்தம் போட்ட பிரதமர் தெலெகி பால், சில மாதங்களிலேயே அந்த நாட்டின்மேல் படையெடுக்கச் சம்மதிக்க வேண்டி வந்ததைத் தாங்க முடியாமல் 1941 ஏப்ரல் 3ஆம் தேதி தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். ஏப்ரல் 11ஆம் தேதி படை எல்லையைத் தாண்டியது. அடுத்த ஜனவரியில் நோவி சாத் பகுதியில் ஹங்கேரியப் படையும் காவலர்களும் செர்பியர்களையும் யூதர்களையுமாக 3,000 பேருக்கு மேல் கொன்றார்கள்.

இவற்றைச் சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. சேர்க்க வேண்டும் என்பதே என் பதில். சேர்ப்பவர் முழுக் கதையையும் கூடவே வைத்திருக்க வேண்டும். என் தட்டில் ஒவ்வொரு பதக்கத்துக்கும் கீழே ஒரு சிறு அட்டை இருக்கிறது. மாச்சாஷுக்குக் கீழே உள்ள அட்டையில் ‘விடுதலை’ என்று அந்தக் கால அரசு சொன்னதையும், இப், த்ரஸ்னியா என்ற ஊர்ப்பெயர்களையும் எழுதியிருக்கிறேன். இந்தப் பதக்கத்தைப் பெற்றவர்களில் மிகப் பலர் யாரையும் கொல்லவில்லை. ஊர்ச் சாலையில் பூக்களுக்கு நடுவே நடந்துபோன பையன்கள்தான். அவர்களில் கணிசமானோர் இரண்டே ஆண்டில் டான் நதிக்கரைக்குப் போனார்கள். சுமார் 2 லட்சம் பேர் கொண்ட இரண்டாம் ஹங்கேரியப் படைமேல் 1943 ஜனவரி 12ஆம் தேதி சோவியத் தாக்குதல் தொடங்கியது. பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், காயம்பட்டார்கள், சிறைபட்டார்கள். ஆயுதமோ சரியான உடுப்போ இல்லாமல் கட்டாய உழைப்புக்குக் கொண்டுபோன பல்லாயிரம் யூதர்களும் அந்தப் பனியில் மடிந்தார்கள். அவர்களுக்கு எந்தப் பதக்கமும் இல்லை. அதனால் என் தட்டில் ஒரு இடத்தில் பதக்கமே இல்லாமல் அட்டை மட்டும் இருக்கிறது.

கைவேலை பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், கேட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஹங்கேரியப் பதக்கத்தை நாடா இல்லாமல் வாங்கினால் பாதிதான் வாங்கியிருக்கிறீர்கள். பழைய முடியாட்சி வழக்கப்படி நாடாவை முக்கோணமாக மடித்து, கீழ் முனையில் பதக்கத்தைத் தொங்கவிடுவார்கள். மடித்த பின் முதுகுப்புறம் தைத்து, மேலே கொக்கி வைப்பார்கள். புடாபெஸ்டின் எச்செரி பழம்பொருள் சந்தையில் கடை போடும் பெரியவர் ஒருவர் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். அவரை நான் பாச்சி என்றுதான் கூப்பிடுவேன், வயதில் மூத்தவரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். “முன்பக்கத்தைப் பார்க்காதே, திருப்பு” என்பார் எப்போதும். பழைய மடிப்பில் முதுகுப்புறத் தையல் கையால் போட்டதாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். நூல் மஞ்சளாகியிருக்கும். மடிப்புக்குள் வெளிச்சம் படாத இடத்தில் நிறம் பளிச்சென்று இருக்கும், வெளியே வெளுத்திருக்கும். புது நாடாவில் இரண்டும் ஒரே நிறம். சந்தேகம் வந்தால் புறஊதா விளக்கு ஒன்று போதும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய துணியிலும் நூலிலும் வெண்மையூட்டும் ரசாயனம் கலந்திருப்பதால் நீலமாக ஒளிரும்.

போலிகளில் பெரும்பாலானவை வார்ப்பு. உண்மையானவை அச்சில் அடித்தவை. அச்சில் அடித்த எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும், வார்த்ததில் மழுங்கி, உருப்பெருக்கியில் பார்த்தால் எழுத்துகளுக்கு நடுவே பொடிப் பொடியாகக் குமிழ்க் குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி அரத்தால் ராவிய தடம் இருந்தால் வைத்துவிட்டு நகருங்கள். விளிம்பில் ஜெர்மன் எழுத்தில் ‘ப்ரோன்ஸ’ என்றோ ‘உன்எஷ்ட்’ என்றோ இருந்தால் பயப்பட வேண்டாம். பின்னது தங்கமல்லாத பதக்கம் என்று அரசே வெளிப்படையாகக் குத்திய முத்திரை.

துத்தநாகத்தை மட்டும் மிகுந்த கவனத்தோடு வைக்க வேண்டும். ஈரம் பட்டால் வெள்ளைப் பொடி பூக்கும். அதைத் தேய்த்தால் எழுத்தும் கூடவே போய்விடும். அழகான ஓக் மரப் பெட்டியில் வைக்கலாமென்று ஆசை வரும், கூடாது. ஓக் மரம் கக்கும் அமில ஆவி துத்தநாகத்தைத் தின்னும். பிவிசி உறையும் வேண்டாம். அமிலமற்ற தாள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம், இவை போதும். பாலிஷ் எதற்கும் போடாதீர்கள், எந்த உலோகத்துக்கும்.

கடைசியாக 1956, சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்து ஹங்கேரி எழுந்த ஆண்டு. அந்த அக்டோபர், நவம்பர் பற்றி இரண்டு நினைவுப் பதக்கங்கள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. எழுச்சியை அடக்கத் துணை நின்றவர்களுக்காக 1957இல் சோவியத் ஆதரவோடு வந்த கடார் அரசு கொடுத்தது ‘தொழிலாளர் விவசாயி ஆட்சிக்காக’ என்ற நினைவுப் பதக்கம். எழுச்சியின் பக்கம் நின்ற பிரதமர் நாஜ் இம்ரெயும், பாதுகாப்பு அமைச்சராக இருந்த படை அதிகாரி மலேத்தர் பாலும் 1958 ஜூன் 16ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார்கள். 1989இல் அதே ஜூன் 16ஆம் தேதி புடாபெஸ்ட் மக்கள் திரண்டு அவர்களை மரியாதையோடு மறு அடக்கம் செய்தார்கள். 1991இல் எழுச்சியில் பங்கெடுத்தவர்களுக்காக 1956 நினைவுப் பதக்கம் வந்தது. முதலாவதைப் பெற்றவரும் இரண்டாவதைப் பெற்றவரும் இந்த நகரத்தில் ஒரே டிராமில் போய் வந்திருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் இன்னும் போய் வருகிறார்கள்.

1957ஆம் ஆண்டுப் பதக்கத்தை வாங்கும்போது பாச்சி காசை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, “இதை அதுக்குப் பக்கத்துல வைக்காதே” என்றார். எது என்று நான் கேட்கவில்லை. அவருக்கு என்மேல் அன்பு அதிகம். ஆனாலும் இதில் அவர் பேச்சை நான் கேட்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன், இரண்டுக்கும் அட்டை எழுதி. வீட்டுக்கு வந்தால் பார்ப்பார், கோபித்துக்கொள்வார், விளக்கம் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

யாராவது இந்த வழியில் தொடங்க நினைத்தால் 1929ஆம் ஆண்டுப் பதக்கத்திலிருந்து தொடங்குங்கள், முடிந்தால் காகிதத்தோடு. புடாபெஸ்ட் வருகிறவர்கள் சனிக்கிழமை காலையில் சீக்கிரமாகவே எச்செரிக்குப் போய்விடுங்கள், மதியத்துக்குள் நல்லவை போய்விடும். கைவிளக்கும் உருப்பெருக்கியும் கொண்டுபோங்கள். பதக்கத்தைக் கையில் எடுத்ததும் திருப்பிப் பாருங்கள்.